புரட்டிப் போட்டால் புதுக் குழாய்

2025 ஜனவரி 28 காலை. ஜப்பானின் சைத்தாமா மாகாணத்தில் யாஷியோ என்ற ஊரில் ஒரு நாற்சந்தி திடீரென உள்வாங்கியது. அந்த நேரத்தில் அங்கே வந்த லாரி தலைகுப்புறக் குழிக்குள் போனது. ஓட்டுநருக்கு வயது 74. அவருடைய உடலை மீட்க மே மாதம் ஆகிவிட்டது. சாலைக்குக் கீழே சுமார் 10 மீட்டர் ஆழத்தில், 1983-லிருந்து ஓடிக்கொண்டிருந்த 4.75 மீட்டர் விட்டமுள்ள பாதாளச் சாக்கடைக் குழாய் அரித்துப்போய் உடைந்ததுதான் காரணம் என்று கருதப்படுகிறது. குழிக்குள் கழிவுநீர் பாய்ந்துகொண்டே இருந்ததால், 12 நகராட்சிகளைச் சேர்ந்த 12 லட்சம் பேரிடம் குளிப்பதையும் துவைப்பதையும் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

இப்படி ஒரு செய்தி வந்தால் பின்னாலேயே காணொளிகளும் வந்துவிடும். ‘தோண்டாமலே குழாயைப் புதுப்பிக்கும் அதிசய ரோபோ!’ விரிசல் விட்ட பழைய குழாய், பின்னணியில் பரபரப்பான இசை, விளக்கு மின்ன ஊர்ந்து போகும் ஒரு எந்திரம், அடுத்த காட்சியில் பளபளவென்று புதுக் குழாய். யாஷியோவில் இதைச் செய்திருக்கலாமே என்று கேட்டால், முடியாது என்பதுதான் பதில். அத்தனை பெரிய குழாய்க்கு இந்த முறை ஒத்துவராது. தவிர, காணொளியில் அலட்டிக்கொள்ளும் அந்த ரோபோ இதில் எடுபிடிதான். முறைக்கும் ஐம்பது வயது தாண்டிவிட்டது. இருந்தாலும் இதில் அசலான ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. காணொளி எடுப்பவர்கள் அதை இரண்டே நொடியில் ஓட்டிவிடுகிறார்கள்.

முதலில் நோயைப் பார்த்துவிடுவோம். கான்கிரீட் சாக்கடைக் குழாய் தண்ணீர் படும் அடிப்பகுதியில் அரிப்பதைவிட, தண்ணீரே படாத கூரையில்தான் அதிகம் அரிக்கும். அடியில் படிந்த வழவழப்பான படலத்தில் வாழும் பாக்டீரியாக்கள் சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றுகின்றன. அந்த வாயு மேலேறி ஈரமான கூரையில் ஒட்டுகிறது. அங்கே குடியிருக்கும் வேறொரு வகை பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக்குகிறது. கான்கிரீட் கூழாகி உதிர்கிறது. 1945-இல் மெல்போர்னில் பார்க்கர் என்ற ஆய்வாளர் இந்தக் குற்றவாளி பாக்டீரியாவைக் கையும் களவுமாகப் பிடித்தார். வெயில் ஊர்களிலும், சரிவு போதாமல் கழிவுநீர் தேங்கி நிற்கும் இடங்களிலும் இது இன்னும் வேகமாக நடக்கும். கூரையில் ஓட்டை விழுந்தால் மேலிருக்கும் மணல் நிலத்தடி நீரோடு சேர்ந்து குழாய்க்குள் வழிந்து போய்க்கொண்டே இருக்கும். ஒரு நாள், தார் மட்டும் மிச்சமாக, கீழே ஒன்றுமில்லாமல் சாலை நிற்கும்.

அந்த நாள் வருவதற்குள் பழைய குழாய்க்குள்ளேயே ஒரு புதுக் குழாயை நுழைத்துவிட வேண்டும். வாசல் ஒன்றுதான், மேன்ஹோல். அடுத்த மேன்ஹோல் 100 மீட்டர் தள்ளி இருக்கலாம். விறைப்பான குழாய் அந்தச் சிறிய வாய்க்குள் வளைந்து இறங்காது. அதனால் துணிக் குழாய்: தடித்த பாலியெஸ்டர் ஃபெல்ட் துணியில் தைத்த நீளப் பை, வெளிப்பக்கம் மட்டும் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. உள்ளே திரவ ரெசினை ஊற்றி, காற்றை உறிஞ்சி எடுத்து, இரு உருளைகளுக்கு நடுவே நசுக்கி, துணியின் ஒவ்வோர் இழையும் நனையச் செய்கிறார்கள். பிறகு சூடேற்றினால் ரெசின் இறுகும், துணி குழாயாகும். இதுவரை சிக்கலில்லை. ஆனால் பல டன் எடையுள்ள, பசை சொட்டும் இந்தத் துணியை 100 மீட்டர் தூரம் எப்படி உள்ளே கொண்டுபோவது? இழுத்தால், கரடுமுரடான பழைய சுவரில் ஒவ்வொரு மீட்டருக்கும் உராய்வு கூடும், ரெசின் வழித்துக்கொண்டு போகும், துணி நீண்டு மெலியும். பூச்சு வெளியே இருந்தால் ரெசின் சுவரில் ஒட்டாது. பூச்சை உள்ளே வைத்தால் பசைப் பக்கம் வழியெல்லாம் தேய்ந்துகொண்டே போகும்.

இதற்கான விடை உங்கள் தெருத் தையல்காரரிடம் இருக்கிறது. பிளவுஸ் முதுகில் கட்டும் நாடாவை அவர் எப்படித் தைக்கிறார் என்று பாருங்கள். துணிப் பட்டையை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து, ஓரத்தில் ஒரு தையல் ஓட்டுகிறார். விரல்கூட நுழையாத ஒரு துணிக் குழாய் கிடைக்கிறது. அதன் ஒரு முனையில் நூலை முடிந்து, ஊசியின் கூர் துணியில் குத்தாமலிருக்கக் காதுப் பக்கத்தை முன்னால் விட்டு, குழாய் வழியே செலுத்தி மறுமுனையில் இழுக்கிறார். முனை உள்ளே மடங்கி, குழாய் தன்னைத்தானே விழுங்கியபடி புரள்கிறது. நல்ல பக்கம் வெளியே வந்துவிடுகிறது.

சாக்கடையிலும் இதேதான், ஆனால் மறுகோடியில் இழுப்பதற்கு ஆள் இல்லை. மேன்ஹோலுக்கு மேலே சாரம் கட்டி, துணிப் பையின் வாயை வெளிப்புறமாக மடித்து ஒரு வளையத்தில் இறுக்கிக் கட்டுகிறார்கள். மடிப்புக்குள் தண்ணீரை விடுகிறார்கள். தண்ணீரின் எடை மடிப்பைக் கீழே தள்ள, பை புரண்டுகொண்டே இறங்கி, குழாய்க்குள் திரும்பி, முன்னேறுகிறது. புரண்டதும் பசைப் பக்கம் வெளியே வந்து பழைய சுவரில் அப்புகிறது. பிளாஸ்டிக் பூச்சு உள்ளே போய், நாளைக்குக் கழிவுநீர் ஓடப்போகும் வழவழப்பான பரப்பாகிறது. சுவரில் பட்ட துணி பட்ட இடத்திலேயே நிற்கிறது, ஓர் அங்குலமும் நகர்வதில்லை. இன்னும் புரளாத பகுதி நடுவே தண்ணீருக்குள் பூச்சுப் பக்கம் வெளியே தெரிய வழுக்கிக்கொண்டு போகிறது. சுவரை உரசும் பேச்சுக்கே இடமில்லை. தையல்காரரின் நாடாவில் துணி துணியோடு உரசுவதால்தான் பாதியில் மாட்டிக்கொள்ளும். இங்கே நடுவில் தண்ணீர் இருக்கிறது.

எனக்குப் பிடித்த கணக்கு இனிமேல்தான். புரளும் முனை 1 மீட்டர் முன்னேற 2 மீட்டர் துணி தேவை: 1 மீட்டர் சுவரில் ஒட்ட, இன்னொரு மீட்டர் அந்த முனை வரை வந்து சேர. ஆகவே முனையைவிட வால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். 100 மீட்டர் துணியில் முனை 50 மீட்டரைத் தொடும்போதே முழுத் துணியும் மேன்ஹோலுக்குள் மறைந்துவிட்டிருக்கும். அப்போது வாலில் ஒரு கயிறும், தட்டையாக மடியும் ஒரு ரப்பர் குழாயும் கட்டியிருப்பார்கள். மீதி 50 மீட்டரை முனை கடப்பதற்குள் வால் 100 மீட்டரையும் ஓடி, இரண்டும் மறுகோடியில் ஒன்றாகப் போய்ச் சேரும். கயிறு வேகத்துக்குக் கடிவாளம். வால் இழுத்துக்கொண்டு போன ரப்பர் குழாய் வழியேதான் பிறகு வெந்நீர் கடைசி வரை போகிறது. குழாயை விரிக்கிற வேலையே அதைச் சூடேற்றும் பாதையையும் போட்டுக் கொடுத்துவிடுகிறது. இதைவிடச் சிக்கனமான பொறியியல் கிடைப்பது கடினம்.

தண்ணீருக்கு அவ்வளவு பலம் உண்டா என்று சந்தேகம் வரலாம். 60 செ.மீ. விட்டமுள்ள குழாயில், 5 மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம் அந்த முனையை ஏறத்தாழ 1.4 டன் விசையோடு தள்ளும். பம்பு கூட வேண்டாம், சாரத்தின் உயரம் போதும். 100 மீட்டர் நிரம்ப சுமார் 28,000 லிட்டர் தேவை. தண்ணீருக்குப் பதிலாக அழுத்தக் காற்றையும் பயன்படுத்துகிறார்கள், ஆனால் தத்துவம் ஒன்றே.

தையல்காரரை இன்னும் கொஞ்சம் இழுக்கலாம். துணி உறையின் அளவு பெரிதானால் உள்ளே சுருக்கம் விழும், அதில் குப்பை மாட்டும். சிறிதானால் சுவருக்கும் உறைக்கும் நடுவே இடைவெளி. நாடா மாட்டிக்கொண்டால் அவர் தையலைப் பிரித்து மறுபடி தைத்துக் கொடுப்பார். இங்கே மாட்டிக்கொண்டால் சில மணி நேரத்தில் அது கல்லாக இறுகிவிடும். அப்புறம் தோண்டத்தான் வேண்டும். ஆல்டரேஷன் கிடையாது. இதற்கு மேல் இழுத்தால் நூல் அறுந்துவிடும், விட்டுவிடுவோம்.

இறுகும் கட்டத்தில் கண்காணிப்பு தப்பினால் எல்லாம் வீண். நனைத்த துணி ஐஸோடு, குளிரூட்டிய வண்டியில் வருகிறது. வழியில் சூடு ஏறினால் வண்டியிலேயே வினை தொடங்கிவிடும். குழாயில் விரித்த பிறகு தண்ணீரைப் படிப்படியாகச் சூடாக்குகிறார்கள். ரெசினில் கலந்த பெராக்சைடு உடைந்து, ஸ்டைரீன் மூலக்கூறுகள் ரெசினின் பாலியெஸ்டர் சங்கிலிகளுக்கு இடையே பாலம் போட, வினையே தன் பங்குக்கு வெப்பத்தை வெளிவிடுகிறது. வெப்பமானிகளை உறைக்கும் பழைய சுவருக்கும் நடுவே, அடியில் வைப்பார்கள். நிலத்தடி நீர் அங்கே சூட்டைத் திருடிக்கொண்டே இருப்பதால் கடைசியாக இறுகும் இடம் அதுதான். இறுகியதும் அவசரப்பட்டுக் குளிர்ந்த நீரை விட்டால் சுருங்கிச் சிதையும். ஆறவிடவும் பொறுமை வேண்டும்.

எடுபிடி ரோபோவின் முறை இப்போது வருகிறது. புதுக் குழாய் முழுநீளத்துக்கும் ஓட்டையின்றி இறுகிவிட்டதல்லவா? வழியிலிருக்கும் எல்லா வீட்டு இணைப்புகளும் அடைபட்டுக் கிடக்கும். ஒவ்வோர் இணைப்பின் வாயிலும் உறை லேசாகக் குழிந்திருக்கும். வண்டிக்குள் திரைமுன் உட்கார்ந்தவர், கேமராவும் வெட்டும் கருவியும் பூட்டிய எந்திரத்தை ஓட்டிப் போய், அந்தக் குழிவைக் கண்டுபிடித்து வட்டமாக வெட்டித் திறப்பார். முன்கூட்டியே கேமரா விட்டு எடுத்த அளவு தப்பாக இருந்தால், வேண்டாத இடத்தில் ஓட்டை, வேண்டிய வீட்டுக்கு அடைப்பு.

வரலாறு கேட்பவர்களுக்கு ஒரு பத்தி. எரிக் உட் என்ற ஆங்கிலேயர் 1971-இல் லண்டனின் ஹாக்னி பகுதியில், நூறு வயதை எட்டிய செங்கல் சாக்கடை ஒன்றில் சுமார் 70 மீட்டருக்கு இந்த முறையைச் செய்துகாட்டினார். 1977-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது, 1994-இல் அது முடிந்தது. அதன்பின் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றாயிற்று, செய்யத் தெரியாதவர்கள் உள்பட. வெந்நீருக்குப் பதில் நீராவி, துணிக்குப் பதில் கண்ணாடி இழை, வெப்பத்துக்குப் பதில் புறஊதா விளக்கு என்று வகைகள் பிறகு பெருகின.

இனி விளம்பர வாசகங்கள். ‘50 ஆண்டு உழைக்கும்’ என்பது வடிவமைப்பில் வைத்துக்கொள்ளும் இலக்கு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை டென்வரிலும் கொலம்பஸிலும் 25 ஆண்டு வரை வயதான உறைகளிலிருந்து துண்டுகளை வெட்டிச் சோதித்து, 2012-இல் அறிக்கை தந்தது. பெரும்பாலும் நல்ல நிலையில் இருந்தன. நம்பிக்கை தரும் சான்று, ஆனாலும் 25 என்பது 50-இல் பாதி. ‘கொள்ளளவு கூடும்’ என்பது அடுத்தது. 300 மி.மீ. குழாயில் 6 மி.மீ. தடிமன் உறை போட்டால், விட்டம் குறைவதால் மட்டும் ஓட்டத் திறன் 10 சதவீதம் குறையும். புதுப் பரப்பின் வழவழப்பு அதை ஈடுகட்டும் என்பது சரிதான், அதன் மேலும் சாக்கடைப் படலம் படியும் வரை.

‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்பதை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். நீராவியால் இறுக்கும்போது மேன்ஹோலிலிருந்து எழும் வெள்ளைப் புகை வெறும் ஆவி அல்ல, அதில் கரிம ஆவிகளும் பாதி இறுகிய ரெசின் துகள்களும் கலந்திருக்கின்றன என்று பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் காட்டினார்கள். ஸ்டைரீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு அதிகம் உள்ளவற்றின் பட்டியலில் 2018-இல் சேர்ந்தது. தெருவில் இந்த வேலை நடந்தால், குளியலறைச் சாக்கடை வாயில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி வைப்பது நல்லது. வளைகுழாயில் நிற்கும் நீர் ஆவியை வீட்டுக்குள் விடாது. வேலைக்கு முன் குழாயைச் சுத்தம் செய்யவும், முடிந்தபின் மேன்ஹோலில் நீட்டிக்கொண்டிருக்கும் உறையின் முனைகளை அறுக்கவும் பல இடங்களில் மனிதர்தான் இறங்குகிறார். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்று 2013-இல் சட்டம் போட்ட நம் நாட்டில், ‘எல்லாம் ரோபோ’ என்ற வாசகம் அவரை மறைப்பதற்குத்தான் உதவும்.

முறைக்கே சில எல்லைகளும் உண்டு. நொறுங்கி அடைந்த குழாயில் துணி புரள வழியில்லை. நடுவில் தொய்ந்து கழிவுநீர் தேங்கும் குழாயில் உறையும் அதே தொய்வோடு இறுகும், தேக்கம் போகாது. யாஷியோ அளவுப் பெருங்குழாய்களுக்கு ஜப்பானியர்கள் 1980-களிலேயே வேறு வழி கண்டார்கள். பிவிசி பட்டையை எந்திரத்தால் குழாய்க்குள் சுருள் சுருளாகச் சுற்றி, ஓரங்களைப் பூட்டி, இடைவெளியில் சிமென்ட் கலவை செலுத்துவது அது. கழிவுநீர் ஓரளவு ஓடும்போதே செய்யலாம். அந்த ஊரில் தொழில்நுட்பத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் 2021-ஆம் நிதியாண்டில் யாஷியோ குழாயைச் சோதித்தபோது, உடனடிப் பழுதுபார்ப்பு தேவையில்லை என்று முடிவு செய்திருந்தார்கள்.

ஆகவே உங்கள் ஊரில் ‘தோண்டாத தொழில்நுட்பம்’ என்று பதாகை கட்டினால், ரோபோவை வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். மூன்று தாள்களைக் கேளுங்கள்: வேலைக்கு முன் கேமரா எடுத்த பதிவு, இறுகியபோது அடிப்பகுதி வெப்பமானி காட்டிய நேரவாரிப் பட்டியல், முனையில் அறுத்த துண்டின் ஆய்வகச் சோதனை முடிவு. மூன்றும் இருந்தால் மண்ணுக்குள் குழாய் போட்டிருக்கிறார்கள். இல்லையென்றால் துணி போட்டிருக்கிறார்கள்.