கஞ்சாப் புகையும் குரங்கின் படிப்பும்

கஞ்சா மூளையைக் கெடுக்குமா? மனிதனிடம் செய்து பார்க்கத் துணியாத சோதனையைக் குரங்கின் தலையில் கட்டுவது விஞ்ஞானிகளின் வழக்கம். நமது தேசத்துக்கும் இது புதிதன்று. 1893-ல் ஆங்கில சர்க்கார் நியமித்த கஞ்சாக் கமிஷனுக்காக, கல்கத்தாவில் டாக்டர் கன்னிங்ஹாம் குரங்குக்குப் பல மாதம் கஞ்சாப் புகையூட்டி, பிறகு மூளையை அறுத்துப் பார்த்தார். கேடொன்றும் தென்படவில்லை. ஆனால், அந்தக் குரங்கு எதைக் கற்றது, எதை மறந்தது என்று அறுத்த மூளை சொல்லுமா?

அமெரிக்காவில் அர்க்கன்ஸா மாகாணத்து விஞ்ஞானிகள் அதை வேறு விதமாக ஆராய்ந்து, 1992-ல் முடிவை வெளியிட்டனர். அவர்களிடம் இருந்தவை வாலிபப் பருவத்து ஆண் குரங்குகள், 64. ஒரு பகுதிக்கு ஓராண்டு காலம் தினந்தோறும் கஞ்சாப் புகை. மற்றொரு பகுதிக்கு வாரக் கடைசியில் மட்டும். சிலவற்றுக்குச் சாரம் நீக்கிய கஞ்சாவின் புகை, எஞ்சியவற்றுக்கு ஒன்றுமில்லை. நெம்புகோலை அழுத்தினால் வாழைப்பழ வாசனையுள்ள உணவுக் குளிகை விழும்; அடுத்த குளிகைக்கு இன்னும் அதிகம் அழுத்தவேண்டும். கஞ்சாப் புகையில் இருந்த குரங்குகள் சீக்கிரமே கையை எடுத்துவிட்டன. உழைக்க மனமில்லை! இதில் தினப்படிக் குரங்குக்கும் வாரக் கடைசிக் குரங்குக்கும் வித்தியாசமே இல்லை. ‘என்றைக்கோ ஒரு நாள்தானே’ என்று சமாதானம் சொல்லுவோர் இதைக் கவனிப்பார்களாக. புகையை நிறுத்திய இரண்டு மூன்று மாதங்களில் ஊக்கம் திரும்பிவிட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஞாபகசக்தியின் கதை வேறு. 2014-ல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆராய்ச்சியில், வளரும் பருவத்துக் குரங்குகளுக்கு ஆறு மாதம் கஞ்சாவின் சாரத்தை ஏற்றினார்கள். பார்த்த பொருளை நினைவில் வைப்பதில் அவை பின்தங்கவில்லை. அடையாளம் தோன்றிய இடத்தைச் சில விநாடி நினைவில் வைப்பதில்தான், பழகப் பழக மற்றக் குரங்குகள் தேறிய அளவுக்கு அவை தேறவில்லை.