அணைந்த ஊற்றுகளைத் தேடி

பெங்களூரு நீலசந்திராவின் நெரிசலான சந்துக்குள்ளும் கைப்பேசி நம்மைச் சரியான வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. ஆழ்கடலில் அந்த ஜிபிஎஸ் எட்டாது, வெளிச்சமும் எட்டாது. அத்தகைய இருட்டில், இந்தியப் பெருங்கடலின் 4,500 மீட்டர் ஆழத்தில், புகைந்துகொண்டிருக்கும் வெந்நீர் ஊற்றைப் படம்பிடித்திருப்பதாக 2024 டிசம்பரில் நம் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். சென்னை பள்ளிக்கரணையின் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகமும் கோவாவின் தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையமும் சேர்ந்து செய்த வேலை அது. படமெடுத்தது 'ஓஎம்இ 6000' என்ற ஆளில்லா நீர்மூழ்கி.

கடல்தரை பிளந்து விலகும் மலைத்தொடர்களில், விரிசல் வழியே நீர் கீழே இறங்குகிறது. பாறைக்குழம்பின் சூட்டில் 350 டிகிரியைத் தொட்டாலும் அது கொதிப்பதில்லை. மேலிருந்து அழுத்தும் கடலின் பாரம் அப்படி. பாறையிலுள்ள செம்பையும் துத்தநாகத்தையும் கரைத்துக்கொண்டு பீறிடுகிறது. 2 டிகிரிக் குளிர்நீரில் பட்டதுமே உலோகங்கள் சல்பைடுகளாகப் பிரிந்து கரும்புகையாகின்றன, புகைக்கூண்டாகப் படிகின்றன.

உயிருள்ள ஊற்றை அதன் புகையே காட்டிக்கொடுத்துவிடும். சுற்றியுள்ள நீரின் வெப்பம் டிகிரியில் நூறில் சில பங்கு கூடினாலும் உணரிக்குத் தெரியும். அணைந்துபோன ஊற்றை எப்படிக் கண்டுபிடிப்பது? அதில் சூடு இல்லை, வண்டலும் மூடியிருக்கலாம். கப்பலிலிருந்து அனுப்பும் ஒலி தரையைத் தொட்டுத் திரும்ப 6 விநாடி ஆகும். அது மேடு பள்ளத்தைச் சொல்லும், எந்த மேட்டில் உலோகம் என்று சொல்லாது.

காந்தமானி சொல்லும். புதிய பசால்ட் பாறையில் மேக்னடைட் துகள்கள் நிறைந்திருப்பதால் அதற்குக் காந்தத்தன்மை அதிகம். வெந்நீர் ஓடிய இடத்தில் அந்தத் துகள்கள் சிதைந்துபோயிருக்கும். தரையை ஒட்டிப் பறக்கும் கருவியின் வரைபடத்தில் அவ்விடம் மட்டும் ஓட்டைபோலத் தெரியும். பெரிடோடைட் பாறையில் கதை தலைகீழ்: அங்கே நீர்தான் மேக்னடைட்டை உண்டாக்குகிறது. ஆகவே பாறை இன்னதென்று தெரியாமல் காந்த வரைபடத்தை நம்பக் கூடாது.

அடுத்த சாட்சி மின்சாரம். சல்பைடு மேட்டின் உச்சி ஆக்சிஜன் உள்ள நீரிலும் அடிப்பகுதி ஆக்சிஜன் அற்ற மண்ணிலும் இருப்பதால், மேடே இயற்கை பேட்டரியாகிவிடுகிறது. இழுத்துச் செல்லும் மின்முனைகளில் அது மில்லிவோல்ட் கணக்கில் பதிவாகும். 1830இல் இங்கிலாந்தின் கார்ன்வால் செம்புச் சுரங்கங்களில் ராபர்ட் ஃபாக்ஸ் அளந்ததும் இதே வகை மின்சாரத்தைத்தான்.

அணைந்தவற்றைத் தேடுவதே முக்கியம் என்பது என் கருத்து. இந்தியப் பெருங்கடலின் உயிருள்ள சில ஊற்றுகளில் மட்டும் வாழும், காலில் இரும்பு சல்பைடு செதில் போர்த்த நத்தை, ஆழ்கடல் சுரங்க அச்சுறுத்தலால் 2019இல் அழியும் நிலை உயிரினப் பட்டியலில் சேர்ந்தது. அதன் வீட்டில் நாம் கைவைக்கக் கூடாது. சர்வதேசக் கடற்படுகை ஆணையத்துடன் 2016இலும் 2025இலும் இந்தியா செய்துகொண்ட ஒப்பந்தங்கள், தலா 10,000 சதுர கிலோமீட்டரில் தேடத்தான் உரிமை தருகின்றன. தோண்டுவதற்குத் தனி அனுமதி வேண்டும்.