மோட்டாரின் நாடி

வீட்டில் ஒருவருக்குச் சுரம் வந்தால் உஷ்ணமானியை வைத்துப் பார்க்கிறோம். 102 டிகிரி என்று தெரிந்ததும் டாக்டரிடம் போகிறோம். உஷ்ணமானி பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சுரம் மலேரியாவா, டைபாய்டா, வெறும் ஜலதோஷமா என்று அது சொல்வதும் இல்லை. "உஷ்ணமானி 102 காட்டுகிறது, ஆகையால் உஷ்ணமானியை மாற்றிவிடுவோம்" என்று ஒரு வைத்தியர் சொன்னால், அவரிடம் நாம் இரண்டாந்தரம் போவோமா?

மோட்டார் வண்டி விஷயத்தில் இந்த வைத்தியம் தினந்தோறும் நடந்து வருகிறது. டிரைவருக்கு முன்னாலுள்ள பலகையில், எஞ்சின் உருவம் பொறித்த மஞ்சள் விளக்கு ஒன்று எரிகிறது. வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுகிறோம். அங்கே ஒரு சிறு கருவியைச் செருகிப் பார்த்து, "ஸென்ஸர் போய்விட்டது, ஸார்!" என்கிறார்கள். பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புது ஸென்ஸர் வாங்கிப் போடுகிறோம். ஒரு வாரம் விளக்கு அணைந்திருக்கிறது. எட்டாம் நாள் காலையில் பளிச்சென்று மறுபடியும் எரிகிறது. இது நேயர்களில் பலருக்குப் புதிய கதையல்ல.

கோளாறு விளக்கு சாட்சி சொல்கிறதே தவிரத் தீர்ப்புச் சொல்வதில்லை. சாட்சியையே குற்றவாளியாக்கித் தூக்கில் போடும்போதுதான் குடும்பத்தின் பணம் வீணாகிறது.

சாட்சியும் குற்றவாளியும்

எஞ்சினின் நடத்தையைத் தானே கண்காணித்து, கோளாறு கண்டால் குறித்துவைக்கும் கம்ப்யூட்டர் அமைப்பு ஒரே மாதிரியாக எல்லாக் கார்களிலும் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1996-ம் வருஷத்து மாடல்களிலிருந்து கட்டாயமாக்கினார்கள். நமது நாட்டில் 2010 ஏப்ரலில் முதல் படியாகவும், 2013 ஏப்ரலில் முழு அளவிலும் அது வந்தது. ஸ்டியரிங் சக்கரத்துக்குக் கீழே பார்த்தால் பதினாறு ஊசிகளுக்கு இடமுள்ள ஒரு துளைப்பெட்டி இருக்கும். மெக்கானிக் கருவியைச் செருகுவது அதில்தான். கருவி கொடுப்பது ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் கொண்ட ஒரு குறி.

"பி 0171" என்ற குறியை எடுத்துக்கொள்வோம். "எஞ்சினுக்குப் போகும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு" என்பது அதன் அர்த்தம். ஒரு பங்கு பெட்ரோல் சரியாக எரிவதற்கு, எடைக் கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். எரிந்து முடிந்த புகையில் எவ்வளவு பிராணவாயு மிஞ்சியிருக்கிறது என்று, புகைக் குழாயில் உட்கார்ந்திருக்கும் ஆக்ஸிஜன் ஸென்ஸர் முகர்ந்து பார்த்துச் சொல்கிறது. மிச்சம் அதிகமாக இருந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டுகிறது. எவ்வளவு கூட்டினோம் என்று கணக்கும் வைத்துக்கொள்கிறது. கூட்டிக் கூட்டி எல்லை கடந்துவிட்டால், "இனி என்னால் ஆகாது" என்று விளக்கை ஏற்றிவிடுகிறது.

இதில் ஆக்ஸிஜன் ஸென்ஸர் செய்த தவறு என்ன? பெரும்பாலும் ஒன்றுமில்லை. பார்த்ததைச் சொல்லிற்று. எஞ்சினுக்கு மேலே ஓடும் ஒரு ரப்பர் குழாய் வெயிலிலும் சூட்டிலும் வெடித்து, கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்திருக்கலாம். உள்ளே போகும் காற்றை அளக்கும் கருவியில் அழுக்குப் படிந்திருக்கலாம். பெட்ரோல் பம்பு களைத்திருக்கலாம். ஸென்ஸரே கெட்டிருப்பதும் உண்டுதான். ஆனால் சந்தேகத்துக்குரிய பலரில் அது ஒருவர் மட்டுமே.

இவர்களைப் பிரித்தறிய வழியிருக்கிறது. அதே கருவியில், கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவிகிதம் கூட்டுகிறது என்பதும் தெரியும். வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது அந்த எண் மிக அதிகமாயிருந்து, ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் குறைந்துவிட்டால், குழாயில் ஓட்டை என்று சந்தேகிக்கலாம். ஏனென்றால் அந்த ஓட்டை வழியாக வரும் காற்று, எஞ்சின் சிறிதளவு காற்றைக் குடிக்கும்போதுதான் பெரிதாகத் தெரியும். குடம் குடமாகக் குடிக்கும்போது அது ஒரு பொருட்டாகாது. இதற்கு நேர்மாறாக, நின்றபோது சரியாயிருந்து, மேட்டில் ஏறும்போது எண் உயர்ந்தால், பெட்ரோல் வந்து சேரவில்லை. பம்பையும் பில்டரையும் பார்க்க வேண்டும். இந்தப் பரீட்சைக்கு ஐந்து நிமிஷம் ஆகும். குறியைப் படித்துக் காட்டுபவர் மெக்கானிக் ஆகிவிட மாட்டார். இந்த ஐந்து நிமிஷத்தைச் செலவிடுகிறவரே மெக்கானிக்.

ஒரு விஷயம் மட்டும் அவசரமானது. மஞ்சள் விளக்கு நிலையாக எரியாமல் கண் சிமிட்டினால், ஏதோ ஒரு ஸிலிண்டரில் பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது என்று அர்த்தம். அந்தப் பெட்ரோல், புகையைச் சுத்தி செய்யும் காட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து, அதை உருக்கிவிடக் கூடும். அதன் விலையை விசாரித்தவர்கள் அப்புறம் ஒரு மைல்கூட வண்டியை ஓட்டத் துணிய மாட்டார்கள். வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்திவிடுவதே நலம்.

"டக், டக், டக்"

காலையில் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. சாவியைத் திருப்பினால் "டக், டக், டக்" என்று சத்தம் வருகிறதே தவிர எஞ்சின் சுற்றவில்லை. 1912-ம் வருஷத்துக் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் என்பவரின் மின்சார ஸ்டார்ட்டர் வருவதற்கு முன், கைப்பிடியை மாட்டிச் சுழற்றித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டியிருந்தது. கைப்பிடி திருப்பி அடித்து மணிக்கட்டை முறித்த காலம் அது. அதை நினைத்துக்கொண்டு நாம் கொஞ்சம் பொறுமையாயிருக்கலாம்.

சத்தத்தைக் கவனியுங்கள். வேகமாகப் பல "டக்" வந்து, பலகை விளக்குகள் மங்கினால், ஸ்டார்ட்டருக்கு வேண்டிய சக்தி போய்ச் சேரவில்லை. விளக்குகள் மங்காமல் ஒரே ஒரு "டக்" மட்டும் கேட்டால், ஸ்டார்ட்டரின் பேரிலேயே சந்தேகம். ஒரு சத்தமும் இல்லை, விளக்குகளும் பிரகாசமாகவே இருக்கின்றன என்றால், கிளட்சை முழுதும் அழுத்தினோமா, தானியங்கிக் கியர் சரியான இடத்தில் இருக்கிறதா, சாவியின் படம் போட்ட திருட்டுத் தடுப்பு விளக்கு மின்னுகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டர் கடகடவென்று சுற்றியும் எஞ்சின் பற்றிக்கொள்ளவில்லை என்றால், பாட்டரியை விட்டுவிடுங்கள். அது தன் வேலையைச் செய்துவிட்டது.

பாட்டரியில் ஆறு அறைகள் உண்டு. முழுச் சக்தியோடு ஓய்விலிருக்கையில் அது சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்கு வந்துவிட்டால் அநேகமாகக் காலி. எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் அளவில் இருந்தால் ஆல்டர்னேட்டர் பாட்டரிக்குச் சக்தி ஊட்டுகிறது. ஓடும்போதும் 12 வோல்ட்டிலேயே நின்றால் ஊட்டவில்லை. அப்படியிருக்கப் புதுப் பாட்டரி வாங்கிப் போட்டால், மறுநாள் அதுவும் வழியில் நின்றுவிடும்.

பாட்டரி 12.6 காட்டியும் வண்டி கிளம்பாததுண்டு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாட்டரி முனையும் கம்பியும் சேருமிடத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கிறது. அந்தப் பூப்பினால் ஏற்படும் எதிர்ப்பு ஓர் ஓமில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் 150-ஐ ஐம்பதால் வகுத்தால் 3 வோல்ட். பன்னிரண்டில் மூன்று அந்த மூட்டிலேயே தொலைந்தது! விளக்குக்கும் ரேடியோவுக்கும் சில ஆம்பியரே போதுமாகையால் அவற்றுக்கு நஷ்டம் தெரியாது. "விளக்கெல்லாம் நன்றாக எரிகிறதே, பாட்டரிப் பக்கம் குற்றமில்லை" என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

ஆகையால் மின்சார மூட்டைப் பாரம் ஏற்றிச் சோதிக்க வேண்டும். மல்ட்டிமீட்டரின் ஒரு முள்ளைப் பாட்டரியின் ஈய முனையிலும், மற்றொன்றை அதன் மேலிருக்கும் கவ்வியிலும் வைத்து, வேறொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். கிட்டத்தட்டப் பூஜ்யம் வர வேண்டும். அரை வோல்ட் வந்தாலே திருடன் அகப்பட்டான். கழற்றி, வெந்நீரும் சமையல் சோடாவும் விட்டுத் தேய்த்துத் துடைத்து இறுக்கினால் போதும். கழற்றும்போது கழித்தல் முனையை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் கையாள வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பானர் வண்டியின் உடலில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

பலகையிலுள்ள விளக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் தீபாவளி கொண்டாடினாலும் முதலில் பாட்டரியைத்தான் பார்க்க வேண்டும். பிரேக், ஸ்டியரிங், காற்றுப் பை முதலிய ஒவ்வொன்றுக்கும் இப்பொழுது தனித்தனிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. முறுக்கிய இரண்டு கம்பிகளின் மூலம் அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1986-ல் வெளியிட்ட முறை இது. வோல்ட் குறைந்தால் ஒன்றிரண்டு கம்ப்யூட்டர்கள் பேச்சை நிறுத்திவிடும், மற்றவையெல்லாம், "அவரைக் காணோம்!" என்று புகார் எழுதத் தொடங்கும். பத்துப் புகார்களுக்கும் காரணம் ஒரே ஒரு துருப்பிடித்த மூட்டாயிருக்கலாம். எலி கடித்த ஒரு கம்பியாகவும் இருக்கலாம். மழைக்காலத்தில் எலிகளுக்கு எஞ்சின் கூண்டைக் காட்டிலும் கதகதப்பான வீடு ஏது?

காதும் மூக்கும்

சத்தங்களைப் பற்றி ஒரு கேள்வி போதும். சத்தம் எஞ்சினின் வேகத்தோடு மாறுகிறதா, சக்கரத்தின் வேகத்தோடு மாறுகிறதா? நிறுத்திய வண்டியில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதே கேட்டால் எஞ்சின் பக்கம். ஓடினால் மட்டும் கேட்டால் சக்கரத்தின் பக்கம். வளைவில் திரும்பும்போது "கடக், கடக்" என்றால் முன் அச்சின் மூட்டு தேய்ந்திருக்கலாம். பிரேக் போடும்போது கிறீச்சிட்டால் பட்டைகள் தேய்ந்ததற்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். இரும்பை இரும்பு அராவும் சத்தம் கேட்டால் முன்னறிவிப்புக் காலம் முடிந்துவிட்டது. புகைக் குழாயிலிருந்து நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. கரும்புகை வந்தால் பெட்ரோல் வீணாகிறது. எஞ்சின் சூடேறிய பிறகும் ஓயாமல் வெண்புகை வந்தால் ரேடியேட்டர் ஜலம் எஞ்சினுக்குள் கசிகிறது என்று சந்தேகிக்கலாம்.

சூட்டு விஷயத்தில் சற்று நிற்க வேண்டும். நெரிசலில் ஊர்ந்து போகையில் முள் ஏறி, நெடுஞ்சாலையில் ஓடியதும் இறங்கினால், ரேடியேட்டரின் மின் விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள். நெடுஞ்சாலையிலும் ஏறினால் ஜல ஓட்டத்தில் தடை. எதுவானாலும் சூடாயிருக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால் ஜலம் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கிறது. மூடி திறந்த கணமே அது கொதித்து ஆவியாகி முகத்தில் பாயும். வழியில் உதவிக்கு வரும் நல்லவர்கள் முதலில் செய்ய விரும்பும் காரியம் அதுதான்! அவர்களுக்கு வந்தனம் சொல்லித் தடுத்துவிடுங்கள். அரைமணிக்கு மேல் காத்திருந்து, மூடியைத் தொட்டால் குளிர்ந்திருக்கும்போது திறக்கலாம்.

எண்ணெய்க் கிண்ணம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால், வீடு இரண்டு பர்லாங்கு தூரத்தில் இருந்தாலும் எஞ்சினை அங்கேயே நிறுத்த வேண்டும். எண்ணெய் அழுத்தமின்றி ஓடும் எஞ்சின் சில நிமிஷங்களில் தன்னையே தின்றுவிடும். பிரேக் மிதி மெத்தென்று அமுங்கினாலும் அப்படியே. அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல் இழுவை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும். ப்யூஸ் அடிக்கடி போகிறதென்று 10 ஆம்பியருக்குப் பதிலாக 30 ஆம்பியர் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த ப்யூஸ் போகாதுதான். அதற்குப் பதிலாகக் கம்பி எரியும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் தெருவெல்லாம் வெள்ளக்காடாயிற்று. வீட்டு வாசல்களில் கார்கள் மூழ்கி நின்றன. வெள்ளம் வடிந்ததும் எவருக்கும் தோன்றும் முதல் எண்ணம், "ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்ப்போமே!" என்பது. கூடவே கூடாது. காற்றை ஸிலிண்டருக்குள் அழுத்திச் சுருக்கலாம். ஜலத்தைச் சுருக்க முடியாது. உள்ளே ஜலம் நிற்கும்போது பிஸ்டன் மேலே வந்தால், அதைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். அதுவரை சில ஆயிரங்களில் முடிந்திருக்கக்கூடிய காரியம், அந்த ஒரு சாவித் திருப்பலில் எஞ்சினையே மாற்ற வேண்டியதாகிவிடும். இதற்கென்று தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திராத சாதாரண இன்ஷியூரன்ஸில் இந்தச் சேதத்துக்குப் பணம் கிடைப்பதும் கஷ்டம். பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, இழுவை வண்டிக்குச் சொல்லியனுப்ப வேண்டியதுதான்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இதெல்லாம் தங்களுக்கில்லை என்று எண்ண வேண்டாம். அதிலும் ஒரு சிறிய 12 வோல்ட் பாட்டரி உண்டு. அது செத்தால், பெரிய பாட்டரி நிறைய இருந்தும் வண்டி கண் திறக்காது. அதிலே ஆரஞ்சு நிற உறை போட்ட தடித்த கம்பிகள் ஓடுகின்றன. அவற்றில் இருப்பது பல நூறு வோல்ட். அந்த நிறத்தைக் கண்டால் குடும்பத்தில் யாராயிருந்தாலும், கை தேர்ந்த வீட்டு மெக்கானிக்காயிருந்தாலும், கையை எடுத்துவிட வேண்டும்.

அடுத்த முறை ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: கோளாறு எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வருகிறதா, சூட்டிலா, மழையிலா, மேட்டிலா, என்ன வேகத்தில், எந்த விளக்கு, என்ன நிறம். "இந்தப் பாகத்தை மாற்ற வேண்டும்" என்று சொன்னால், "அது கெட்டிருப்பதாக எந்தப் பரீட்சையில் தெரிந்தது?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக்குக் கோபம் வராது. உங்களைக் கூட்டிக்கொண்டுபோய் மீட்டரிலே காட்டுவார்.