நாளைய சமையலை நினைக்காத ஐந்து நாள்கள்

காட்கோபரின் ஏழு தோழியர் மேற்கொண்ட தீவுப் பயணமும், அதற்கு முன் நடந்த நான்காண்டுச் சேமிப்பும்

எங்கள் எழுவரையும் ஒன்று சேர்த்தது காட்கோபர் ரயில் நிலையம். காலை எட்டு மணியை ஒட்டி வரும் விரைவு லோக்கலின் பெண்கள் பெட்டியில் பதினோர் ஆண்டுகளாக ஒன்றாகப் பயணம் செய்து வருகிறோம். எங்களுள் நால்வர் தமிழர், இருவர் மராத்தியர், ஒருவர் குஜராத்தியர். பந்த் நகரில் வசிக்கும் மூத்தவரைத் தமிழர்களாகிய நாங்கள் 'அக்கா' என்போம். மராத்தியத் தோழியர் 'தாயி' என்பர். குஜராத்தித் தோழி எங்கள் எல்லோருக்கும் 'பென்'.

மும்பையில் பெண்களுக்கெனத் தனிப் பெட்டிகள் நெடுங்காலமாக உண்டு. 1992 மே 5 அன்று சர்ச்கேட்டுக்கும் போரிவலிக்கும் இடையே முழுவதும் பெண்களுக்கான ரயிலே ஓடத் தொடங்கியது. அலுவலகம் செல்லும் பெண்கள் இப்பெட்டிகளில் பஜனை பாடுகிறார்கள். மாலையில் திரும்பும்போது பட்டாணி உரிக்கிறார்கள், கீரை ஆய்கிறார்கள். இறங்கியவுடன் அடுப்பேற்ற வேண்டும் என்பதால், ரயிலும் சமையலறையின் ஒரு பகுதியாகி விடுகிறது.

அப்படியொரு மாலையில், அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, ஒருவரின் கைப்பேசியில் கரீபியன் கடற்கரை விடுதி ஒன்றின் விளம்பரம் வந்தது. தென்னைகள், வெண்மணல், நீலக் கடல். ஆனால் எங்களைப் பிடித்து நிறுத்தியது, 'தங்குமிடம், மூன்று வேளை உணவு, பானங்கள், பொழுதுபோக்கு அனைத்தும் கட்டணத்தில் அடக்கம்' என்ற வரிதான். அக்கா அதை இருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "அப்படியென்றால் அங்கே யாரும் 'நாளைக்கு என்ன சமையல்' என்று கேட்கமாட்டார்களா?" என்றார்.

ஐந்து நாளும் ஒரு முழு நாளும்

இந்தக் கேள்வியின் கனத்தை எண்களால் சொல்ல முடியும். மத்திய அரசு 2024-ல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டாருக்காக ஊதியமின்றி வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் செலவிடும் நேரம் 88 நிமிடங்கள். 2019-ல் நடந்த முதல் ஆய்வில் இவை முறையே 299, 97 நிமிடங்களாக இருந்தன.

எங்கள் ஆசிரியைத் தோழி ரயிலிலேயே கணக்குப் போட்டார். 289 நிமிடங்களை ஐந்தால் பெருக்கினால் 1,445 நிமிடங்கள். அதாவது இருபத்து நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஐந்து நாள் விடுமுறை எடுத்தால், வீட்டு வேலையிலிருந்து மட்டுமே ஒரு முழு நாள் மீளும். அந்த ஒரு நாளை வாங்குவது என்று அன்று முடிவு செய்தோம்.

எல்லாம் அடங்கிய விடுமுறையின் கதை

1950-ல் ஜெரார் பிளிட்ஸ் என்ற பெல்ஜியர், ஸ்பெயினின் மயோர்கா தீவுக் கடற்கரையில் கூடாரங்கள் அமைத்து 'கிளப் மெட்' விடுமுறை முகாமைத் தொடங்கினார். விடுமுறைக்கு வந்தவர் பணப்பையைத் திறக்கவே வேண்டியதில்லை என்னும் எண்ணம் அங்கிருந்து பரவியது. 1981-ல் கார்டன் 'புட்ச்' ஸ்டூவர்ட் ஜமைக்காவின் மொண்டேகோ பேயில் 'சாண்டல்ஸ்' விடுதியைத் தொடங்கியபின், கரீபியன் கடலும் இம்முறையும் பிரிக்க முடியாதவை ஆயின.

அக்கடற்கரைகள் தமிழருக்குப் புதியவை அல்ல. அடிமை முறை ஒழிந்தபின், 1853-ல் மார்த்தினீக் தீவுக்கும், 1854-ல் குவாதலூப் தீவுக்கும் 'ஒரேலி' என்ற கப்பல் இந்தியத் தொழிலாளரை ஏற்றிச் சென்றது. பிரெஞ்சுத் துறைமுகங்களான புதுச்சேரி, காரைக்கால் வழியாகச் சென்றவர்களில் தமிழர் மிகப் பலர், பெண்களும் இருந்தனர். அவர்களது மசாலா, 'கொலம்போ' என்ற பெயரில் இன்றும் அத்தீவுகளின் சமையலில் மணக்கிறது. இன்று பிறர் ஓய்வெடுக்கச் செல்லும் கரைக்கு, நம் பெண்கள் கரும்பு வெட்டச் சென்றார்கள்.

கரீபியன் எங்களுக்கு எட்டாதது என்பது விரைவில் புரிந்தது. மும்பையிலிருந்து நேரடி விமானம் இல்லை. வழியில் மாறும் நாட்டின் விசாவும் தேவைப்படலாம். வீணா பாட்டீல் 2013-ல் தொடங்கிய 'வீணா வேர்ல்டு' உள்ளிட்ட மும்பை நிறுவனங்கள் நடத்தும் பெண்கள் மட்டும் செல்லும் குழுப் பயணங்களையும் விசாரித்தோம். ஊர் ஊராகச் சுற்றிப் பார்ப்பதைவிட ஓரிடத்தில் சும்மா இருப்பதே எங்கள் விருப்பமாக இருந்தது. எனவே மாலத்தீவைத் தேர்ந்தோம். அங்கே முதல் சுற்றுலா விடுதி 1972-ல் திறக்கப்பட்டது. ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பதே பெரும்பாலும் வழக்கம். மும்பையிலிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம். இந்தியருக்கு விசா, இறங்கியவுடன் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

பீசியிலிருந்து வங்கிக்கு

மும்பைப் பெண்களுக்குச் சேமிப்பு என்றாலே முதலில் நினைவுக்கு வருவது 'பீசி'. பன்னிருவர் மாதம் ஆயிரம் ரூபாய் போட்டால், ஒவ்வொரு மாதமும் ஒருவருக்குச் சீட்டுக் குலுக்கிப் பன்னிரண்டாயிரம் கொடுப்பார்கள். தோழமையும் கட்டாயமும் சேர்ந்திருப்பதால் பணம் சேர்ந்துவிடும். ஆனால் எழுத்தில் எதுவும் இராது. 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு பெற்ற சீட்டுக்கு உள்ள பாதுகாப்பு இதற்கு இல்லை. எங்களுள் இருவர் முன்பொரு முறை அதில் பணம் இழந்தவர்கள். தொகையைக் கையில் வைத்திருந்தவர் ஒரு நாள் வீட்டைக் காலி செய்து போய்விட்டார்.

ஆகவே ஒவ்வொருவரும் தத்தம் பெயரிலேயே வங்கியில் தொடர் வைப்புக் கணக்குத் தொடங்கினோம். மாதம் 3,000 ரூபாய், 36 மாதங்கள். செலுத்தும் தொகை 1,08,000 ரூபாய். எங்களுக்குக் கிடைத்த 6.5 சதவீத வட்டியில் முதிர்வுத் தொகை ஏறத்தாழ 1,19,400 ரூபாய். எங்களில் மூவருக்கு, தம் பெயரில் மட்டும், தமக்காக மட்டும் தொடங்கிய முதல் கணக்கு அதுவே. படிவத்தில் நோக்கம் எழுதும் இடம் ஏதும் இல்லை. இருந்தாலும் பென் தம் கணக்குப் புத்தகத்தின் உறையில் குஜராத்தியில் 'கடல்' என்று எழுதி வைத்தார்.

ஒருவர் நின்றபோது

இருபத்தாறாம் மாதத்தில் அக்காவின் கணவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. அக்கா வைப்பை முதிர்வுக்கு முன்பே முடித்துப் பணத்தை எடுத்தார். மறுவாரம் ரயிலில், "நீங்கள் போய் வாருங்கள். எனக்குக் கடல் ஜூஹுவில் இருக்கிறது" என்றார்.

நாங்கள் அறுவரும் ஆளுக்கு 18,000 ரூபாய் போட்டு அவர் பங்கை நிரப்பலாம் என்றோம். அக்கா மறுத்தார். "கடனில் வந்தால் அங்கேயும் கணக்குத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். எதை விட்டுப் போக நினைத்தோமோ அதையே கையோடு கொண்டு போவதா?" என்று கேட்டார்.

மீதமிருந்த வழி காத்திருப்பதுதான். அதில் எல்லோருக்கும் மனம் ஒப்பவில்லை. ஒருவர் வீட்டில் மகளின் திருமணம் நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னொருவர், இப்போது போகாவிட்டால் எப்போதும் போகப்போவதில்லை என்று அஞ்சினார். பத்து நாள்கள் பெட்டியில் பேச்சுக் குறைந்தது. இறுதியில் மராத்தியத் தோழி ஒருவர், "தாயியை விட்டுப் போய்விட்டு, திரும்பி வந்து எந்த முகத்தோடு இதே பெட்டியில் ஏறுவது?" என்றார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

இரண்டு மாதம் கழித்து அக்கா புதிய தொடர் வைப்பைத் தொடங்கினார்: மாதம் 4,500 ரூபாய், 24 மாதங்கள். மற்றவர்கள் முதிர்வுத் தொகையைப் பதினாறு மாத நிரந்தர வைப்பாக மாற்றினோம். காத்திருப்பு இலவசமாகக் கிடைக்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் டாலரின் மதிப்பும் தீவின் வரியும் ஏறின. விமானம் உட்பட ஆளுக்கு 1,22,000 ரூபாய் ஆயிற்று. வட்டி அதை ஈடு செய்தது. அக்காவுக்கு மட்டும் 6,500 ரூபாய் குறைந்தது. அதைத் தீபாவளிப் போனசிலிருந்து போட்டுவிட்டு, வல்லப் பாக் சந்தின் தின்பண்டக் கடையில் எங்களுக்கு அவரே பாவ் பாஜியும் வாங்கித் தந்தார்.

தீவில்

மாலே விமான நிலையத்திலிருந்து விசைப்படகில் தீவை அடைந்ததும், மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டினார்கள். இனி அதுதான் எங்கள் பணப்பை. கைப்பைகளை அறையின் பெட்டகத்தில் பூட்டியபோது, தோள் இலேசானது வேடிக்கையாக இருந்தது.

முதல் நாள் மாலைக்குள் வீடுகளிலிருந்து பதினான்கு அழைப்புகள். சிலிண்டரை மாற்றுவது எப்படி, துவரம்பருப்பு எந்த டப்பாவில், இட்லி மாவு புளித்துவிட்டதா என்று எதை வைத்து அறிவது. மூன்றாம் நாள் ஒரே ஓர் அழைப்பு. அதுவும் நலம் விசாரிக்க. நாம் இல்லாமலும் வீடு நடக்கிறது என்பது நிம்மதியைத் தந்தது. சற்றே வருத்தத்தையும் தந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

முதல் விடியலில் நாலரை மணிக்கு அக்கா எழுந்து திண்ணையில் அமர்ந்திருந்ததைக் கண்டோம். "கை சும்மா இருக்கிறது, என்ன செய்வதென்று தெரியவில்லை" என்றார். நாங்களும் ஒவ்வொருவராக வந்து அருகில் அமர்ந்தோம். வெளிச்சம் வரும்வரை யாரும் எழவில்லை. முப்பது ஆண்டுகள் மும்பையில் வாழ்ந்தும் கணுக்காலுக்கு மேல் கடலில் நனையாத அக்கா, அன்று பகலில் மிதவைச் சட்டை அணிந்து, இடுப்பளவு நீரில் எங்கள் இருவரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான்காம் நாள் கையை விட்டுவிட்டார்.

காலை உணவில் 'மஸ் ஹூனி' இருந்தது: சூரை மீன், துருவிய தேங்காய், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை, உடன் உண்ண 'ரொஷி' என்னும் மெல்லிய ரொட்டி. திவெஹி மொழியில் 'மஸ்' என்றால் மீன். நம் வீடுகளில் மாசிக் கருவாடு என்று வாங்குவதும் இத்தீவுகளின் சூரைதான். பரிமாறியவர்களுள் ஒருவர் தூத்துக்குடிப் பக்கத்து இளைஞர். எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழில் வணங்கினார். மூன்றாம் நாள் இரவு, யாரும் கேட்காமலே, சமையலறையில் சொல்லி ஒரு கிண்ணம் ரசம் கொண்டு வந்து வைத்தார். தம் தாயைப் பார்த்துப் பதினான்கு மாதங்கள் ஆயின என்றார். எங்கள் ஓய்வும் பிறர் உழைப்பின் மேல்தான் நிற்கிறது என்பதை அந்த ரசம் நினைவூட்டியது. புறப்படும் நாளில் சேவைத் தொகையை அலுவலகத்தில் கொடுக்காமல், அறையைத் துடைத்தவர் முதல் பரிமாறியவர் வரை அவரவர் கையிலேயே கொடுத்தோம்.

புறப்படுவோர் கவனத்திற்கு

• 'எல்லாம் அடங்கும்' என்பதில் எல்லாம் அடங்குவதில்லை. படகு அல்லது நீர்விமானக் கட்டணம், வரிகள், கடல் உலாக்கள் சேர்ந்தவையா என எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். மாலத்தீவின் பெரிய விடுதிகளில் பசுமை வரி 2025 ஜனவரி முதல் ஒருவருக்கு நாளொன்றுக்கு 12 டாலர்.

• நீர்விமானங்கள் பகலில் மட்டுமே பறக்கும். மாலையில் மாலேயை அடைவோர் விசைப்படகு செல்லும் தீவைத் தேர்வது நலம்.

• மாலத்தீவுக்கான இணையவழிப் பயணி அறிவிப்பைப் புறப்பாட்டுக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும்.

• வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்குப் பணம் செலுத்தும்போது, மூலத்தில் வசூலிக்கும் வரி சேர்க்கப்படும். இது கூடுதல் செலவு அன்று. வருமான வரிக் கணக்கில் ஈடு செய்யலாம், அல்லது திரும்பப் பெறலாம். அதனால் முகவர் யாருடைய நிரந்தரக் கணக்கு எண்ணில் வரியைச் செலுத்துகிறார் என்று பாருங்கள். எழுவருக்கும் தனித்தனியே பற்றுச்சீட்டு வாங்கினோம்.

• பற்று அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாக இயங்காது. வங்கிச் செயலியில் அதை இயக்கி, வரம்பு வைத்து, திரும்பியதும் நிறுத்திவிடுங்கள்.

• சேமிப்பு ஒவ்வொருவர் பெயரிலும் தனியாக இருக்கட்டும், நியமனதாரரைக் குறிப்பிடுங்கள். வங்கி வைப்புக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. தோழமைக்கு அத்தகைய காப்பீடு இல்லை. பணத்தை அதனோடு கலக்காமல் இருப்பதே அதைக் காக்கும் வழி.

திரும்பி வந்த மறுநாள் காலை, வழக்கமான லோக்கலில் ஏறினோம். மாலையில் திரும்பும்போது மடியில் பட்டாணி இருந்தது. இரவுச் சமையலைப் பற்றிய பேச்சும் இருந்தது. அக்கா மட்டும் வெறுங்கையோடு அமர்ந்திருந்தார். வியாழக்கிழமை இரவுச் சமையலை இனித் தாமே பார்த்துக்கொள்வதாக அவர் கணவர் ஏற்றுக்கொண்டாராம். முதல் வாரம் சோறு குழைந்துவிட்டது என்றும், யாரும் குறை சொல்லவில்லை என்றும் சொன்னார். பிறகு கைப்பையிலிருந்து புதிய கணக்குப் புத்தகம் ஒன்றை எடுத்துக் காட்டினார். முதல் தவணை அன்று காலையே செலுத்தப்பட்டிருந்தது.