பெட்டிக்குள் இருந்த சக்கரமும் இணைய ஏலமும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் நம்மவர்களின் பழைய வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டு வருகின்றன. பிள்ளைகள் மும்பை, பெங்களூரு, வளைகுடா என்று சென்றுவிட்டனர். பாகம் பிரிக்கவோ வீட்டை விற்கவோ ஊருக்குப் போகும்போதுதான் பத்தாயமும் மரப்பெட்டியும் திறக்கப்படுகின்றன. உள்ளே சில வெள்ளிச் சக்கரங்கள், சங்கு பொறித்த செப்புக் காசுகள், திருவிதாங்கூர் அஞ்சல் தலை ஒட்டிய கடித உறைகள், ஓலையில் எழுதிய ஆதாரங்கள். யாராவது ஒருவர் கைபேசியில் தேடிப் பார்த்து, "இதே காசுக்கு இரண்டு லட்சம் போட்டிருக்கிறார்கள்" என்கிறார். ஏமாற்றம் அங்கிருந்துதான் ஆரம்பமாகிறது.

கையில் இருப்பது என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். திருவிதாங்கூர் கணக்கில் 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம், அதாவது 28 சக்கரம், ஒரு சர்க்கார் ரூபாய். பிரிட்டிஷ் இந்திய ரூபாய் ஒன்றுக்கோ இருபத்தெட்டரைச் சக்கரம் கொடுக்க வேண்டும். வெள்ளிச் சக்கரம் கையில் நிற்காத அளவுக்குச் சிறியது. அதை எண்ணுவதற்கென்றே குழிகள் செதுக்கிய சக்கரப் பலகை இருந்தது. திருவிதாங்கூர் அஞ்சல் துறை 1888ஆம் ஆண்டில் சங்குச் சின்னத்துடன் தன் முதல் தலைகளை வெளியிட்டது. 1949 ஜூலையில் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன; 1951இல் அந்த அஞ்சல் துறை இந்தியத் தபால் துறையோடு சேர்ந்துவிட்டது.

இவை பழையவை என்பதில் ஐயமில்லை. ஆனால் பழையவை எல்லாம் அரியவை அல்ல. சித்திரைத் திருநாள் காலத்துச் செப்புக் காசுகள் எல்லைக்கு இரு புறமும் வீட்டுக்கு வீடு கிடக்கின்றன. இணையத்தில் இரண்டு லட்சம் என்று எழுதியிருப்பது ஒருவர் கேட்கும் விலை; அந்த விலைக்கு யாரும் வாங்கியதாக அர்த்தமில்லை. கேட்பதற்குக் காசு செலவில்லை, யாரும் எதுவும் கேட்கலாம். பார்க்க வேண்டியது முடிந்துபோன ஏலங்களில் உண்மையில் விற்ற விலையைத்தான். அதைப் பார்த்தால் பல காசுகளின் மதிப்பு நூறுகளிலேயே நின்றுவிடுவது தெரியும்.

ஏலம் என்றால் விலை ஏறியே தீரும் என்பது மற்றொரு தவறான எண்ணம். ஒரே பொருளை ஒரே வாரத்தில் குறைந்தது இரண்டு பேர் விரும்பினால்தான் விலை ஏறும். ஒருவர் மட்டும் வந்தால் தொடக்க விலையிலேயே போய்விடும். தெரிந்த சேகரிப்பாளர்கள் கடைசி நிமிடம் வரை வாய் திறப்பதில்லை. விற்பவர் ஆறு நாள் வெறும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். 1995இல் அமெரிக்காவில் ஈபே தொடங்கியபோது முதலில் விற்ற பொருள் பழுதான ஒரு லேசர் சுட்டுக்கருவி, கிடைத்தது 14.83 டாலர். பழுதான பொருளுக்கும் ஆள் உண்டு என்ற நம்பிக்கை அதிலிருந்து உலகெங்கும் பரவியது. அந்த நிறுவனம் 2004இல் பாசி என்ற இந்தியத் தளத்தை வாங்கி இங்கே கால் ஊன்றியது. 2018 ஆகஸ்டில் அதன் இந்தியத் தளம் மூடப்பட்டது. இப்போது நம் முன் இருப்பவை மும்பை, பெங்களூரில் உள்ள நாணய ஏல நிறுவனங்கள், வெளிநாட்டுத் தளங்கள், விளம்பரப் பக்கங்கள் ஆகியவையே. விற்றாலும் கமிஷன், கட்டும் செலவு, தபால் செலவு எல்லாம் போக மீதிதான் நம் கைக்கு வரும்.

என் உறவினர் ஒருவர் பாறசாலை வீட்டில் கிடைத்த பத்துக் காசுகளை இப்படி ஏலத்தில் வைத்தார். முதல் தடவை யாரும் கேட்கவில்லை. இரண்டாம் தடவை வென்றவர் பணம் அனுப்பவில்லை. மூன்றாம் தடவை வாங்கியவர், "படத்தில் இருந்தது வேறு, வந்தது வேறு" என்று திருப்பி அனுப்பினார். போக வர தபால் செலவு காசின் விலையைத் தாண்டிவிட்டது. "இதற்கு ஆக்கர்காரனிடம் எடை போட்டுக் கொடுத்திருக்கலாம்" என்று அத்தை சொன்னதில் வருத்தமும் உண்டு, நியாயமும் உண்டு.

சில நஷ்டங்களை நாமே வரவழைத்துக்கொள்கிறோம். படம் எடுக்கும் முன் காசைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறார்கள். சேகரிப்பாளர் விரும்புவது காலம் பூசிய அந்தக் கருமையைத்தான். தேய்த்த காசைக் கண்டதும் அவர் விலகிவிடுவார். அதுபோலவே உறையிலிருந்து தலையைத் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சாதாரணத் தலை தனியே சில ரூபாய் பெறும். ஊர் முத்திரையும் முகவரியும் தேதியும் உள்ள முழு உறைக்கு அதைவிட மதிப்பு அதிகம்.

வெளியூரில் வாழும் நாம் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொன்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நாணயம் தொன்பொருள் ஆகும். வரலாற்று மதிப்புள்ள ஏடுகளுக்கும் ஆவணங்களுக்கும் 75 ஆண்டே போதும். இவற்றைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்பத் தடை உண்டு. வெளிநாட்டவர் ஏலத்தில் நல்ல விலை கேட்டாலும் அனுப்ப முடியாது; துபாய்க்குப் போகும் பெட்டியில் நினைவுப் பொருளாக வைத்துக்கொண்டாலும் அது ஏற்றுமதிதான். உள்நாட்டிலும் இவற்றை விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். காலம் பற்றி ஐயம் இருந்தால், தொன்பொருள் அல்ல என்ற சான்றைத் தொல்லியல் துறையிடம் கேட்கலாம்.

மோசடிக்காரர்களும் இந்த ஆசையைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். "உங்கள் நாணயத்துக்கு ஐந்து லட்சம் ஒதுக்கியாகிவிட்டது, வரியை மட்டும் முதலில் கட்டுங்கள்" என்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் காட்டிப் பழைய நோட்டு, நாணய விற்பனைக்குக் கட்டணம் கேட்போரை நம்ப வேண்டாம் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. விற்பவர் பணம் கட்ட வேண்டிய விற்பனை என்று ஒன்று இல்லை. பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணை அழுத்தவும் தேவையில்லை.

இவ்வளவும் விலையைப் பற்றிய பேச்சு. ஏலத்தால் அளக்க முடியாத ஒன்றும் அந்தப் பெட்டியில் இருக்கிறது. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தமிழர்கள் கேட்டிருந்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு இப்பால் ஒரு மாநிலம், அப்பால் ஒரு மாநிலம் என்றானது. நம் முன்னோர் இந்த மண்ணில் தமிழில் கடிதம் எழுதினார்கள், தமிழில் கணக்கு வைத்தார்கள் என்பதற்குப் பெரும்பாலும் வீட்டுக் காகிதங்களே சாட்சி. பாறசாலை முத்திரை விழுந்த ஒரு தமிழ்க் கடிதம் தனியாக முந்நூறு ரூபாய்க்குப் போய்விட்டால், எந்த வீட்டில் யார் யாருக்கு எழுதியது என்ற செய்தி அதோடு மறைந்துவிடும்.

ஆகவே அன்பர்கள் ஊருக்குப் போகும்போது, விற்பதா வேண்டாமா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் எல்லாவற்றையும் இரு புறமும் படம் எடுத்து வையுங்கள். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, யாருடையது, எப்படி வந்தது என்று எழுதி வையுங்கள். ஓலைகளைக் காரியவட்டத்தில் உள்ள கேரளப் பல்கலைக்கழக ஓலைச்சுவடி நூலகத்தாரிடம் காட்டலாம். நெடுமங்காடு கோயிக்கல் அரண்மனையில் தொல்லியல் துறையின் நாணயக் காட்சியகம் இருக்கிறது. உங்கள் கையில் உள்ள காசு எந்தக் காலத்தது என்று அங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். அதன் பிறகும் விற்க நினைத்தால், ஒரே மாதிரி நான்கு இருந்தால் மூன்றை விற்று ஒன்றை வீட்டில் வையுங்கள். அந்த ஒன்றை எண்ணிப் பார்க்கும் பேரப் பிள்ளைக்கு, ஒரு ரூபாய்க்கு எத்தனை சக்கரம் என்று சொல்லிக் கொடுக்க ஆள் இருக்க வேண்டும்.