எலும்பு வீங்கினாலே கிருமியா? குழந்தைகளைக் குழப்பும் ஒரு நோய்

கல்வராயன் மலையில் மேடு பள்ளம் ஏறி இறங்கிப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்குக் காலில் அடிபடுவது புதிதல்ல. 'சுளுக்கு', 'வளர்ற வலி' என்று எண்ணெய் தேய்த்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். வளர்கிற வலி இரண்டு கால்களிலும் ராத்திரியில் வரும். காலையில் பிள்ளை ஓடிக்கொண்டிருக்கும். ஒரே இடத்தில் வலி, வீக்கம், நொண்டல் என்றால் கதை வேறு.

முதலில் சந்தேகிக்க வேண்டியது கிருமித் தொற்று. ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியா ரத்தம் வழியாக எலும்புக்குள் புகுந்து சீழ் பிடிக்கவைக்கும். கடும் காய்ச்சல், தொட்டாலே அலறல், காலை ஊன்ற முடியாத நிலை... இது அவசரம். தாமதித்தால் எலும்பின் வளர்ச்சிப் பகுதி பாழாகி, கால் குட்டையாகலாம். இந்த நிலையில் கட்டுப்போடுவதும் நீவிவிடுவதும் கூடவே கூடாது. ஆரம்ப நாள்களில் எக்ஸ்ரே ஒன்றும் காட்டாது என்பதால், 'எக்ஸ்ரே நார்மல்தானே' என்று வீடு திரும்பிவிடவும் கூடாது.

இதே வேஷத்தில் வரும் இன்னொன்று, சி.ஆர்.எம்.ஓ. கிருமியே இல்லாமல், உடலின் பிறவி நோய் எதிர்ப்பு அமைப்பு தடம் மாறி எலும்பில் அழற்சியை உண்டாக்குகிறது. 1972-ல் சுவிட்சர்லாந்தின் கீடியன் என்ற மருத்துவர் முதலில் விவரித்தார். 7 முதல் 12 வயதில், பெண் குழந்தைகளுக்குச் சற்று அதிகம். வலி வரும், போகும், வேறு எலும்பில் திரும்ப வரும். கழுத்துக்குக் கீழே உள்ள காறை எலும்பு வீங்குவது முக்கியமான துப்பு. கிருமி அங்கே போவது அபூர்வம். சிலருக்கு உள்ளங்கை, உள்ளங்காலில் கொப்புளமோ, சொரியாசிஸோ இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், ரத்தப் பரிசோதனை மட்டும் இரண்டையும் பிரித்துக்காட்டாது. முழு உடல் எம்.ஆர்.ஐ. எடுத்தால், வலிக்காத எலும்புகளிலும் பாதிப்பு தெரியவரும். சந்தேகம் தீராவிட்டால் எலும்பிலிருந்து துளி எடுத்து கிருமி, காசநோய், புற்றுநோய் மூன்றையும் தேட வேண்டும். நம் ஊரில் காசநோயை மறந்துவிட்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. அது சத்தமில்லாமல் முதுகெலும்பைக் கூட அரிக்கும். ரத்தப் புற்றுநோயும் எலும்பு வலியாகத் தலைகாட்டும். அதை விலக்காமல் ஸ்டீராய்டு கொடுத்தால் நோய் மறைந்துகொள்ளும்.

சி.ஆர்.எம்.ஓ. என்று உறுதியானால் ஆன்டிபயாடிக் தேவையில்லை. நாப்ராக்ஸன் போன்ற அழற்சி மருந்துகளில் பலர் தேறுகிறார்கள். முதுகெலும்பு பாதித்தால் வலுவான சிகிச்சை வேண்டும். இது தெரியாமல் மாதக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகள் உலகெங்கும் உண்டு. மறுபக்கம், தொற்றை 'அழற்சி' என்று நினைத்து எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து கொடுத்தால் அது இன்னும் ஆபத்து.

வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக இறங்கினால் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. காய்ச்சலோடு நொண்டும் குழந்தைக்கு அன்றைக்கே போக வேண்டிய இடம் அது. வலி திரும்பத் திரும்ப வந்தால் புதுச்சேரி ஜிப்மர், எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். புறப்படும்போது பழைய எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். 'போன வருஷம் இவளுக்குத் தோள் பக்கத்து எலும்பு வீங்குச்சு' என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.