வராந்தாவில் தொங்கும் சட்டப்பிரிவு

பெரும்பாலான பள்ளிகளில் தலைமை ஆசிரியர் அறைக்குப் பக்கத்திலோ, மாடிப்படி தொடங்கும் இடத்திலோ சுவரில் ஒரு சிவப்பு சிலிண்டர் மாட்டியிருக்கும். அதன் கழுத்தில் ஒரு சீட்டு. கடைசியாக எப்போது நிரப்பினார்கள், அடுத்து எப்போது நிரப்ப வேண்டும் என்ற தேதிகள் அதில் இருக்கும். பிள்ளைகள் தினமும் அதைக் கடந்துதான் வகுப்புக்குப் போகிறார்கள். அந்தச் சிலிண்டருக்கும், சமூக அறிவியல் புத்தகத்தில் வரும் 21ஏ என்ற எண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் மதிய உணவுச் சமையலறையில் பிடித்த தீ, மாடியில் போட்டிருந்த கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் மாண்டார்கள். அந்தத் துயரத்தைத் தொடர்ந்து அவினாஷ் மெஹ்ரோத்ரா என்பவர் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். 2009 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு 21ஏ பிரிவு தரும் கல்வி உரிமைக்குள், உயிருக்குப் பயமில்லாமல் உட்கார்ந்து படிக்கும் உரிமையும் அடக்கம் என்றது நீதிமன்றம். அரசுப் பள்ளியோ தனியார் பள்ளியோ, தீயணைப்புக் கருவி இருக்க வேண்டும். அதை இயக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும். கட்டடத்துக்குப் பாதுகாப்புச் சான்று வேண்டும் என்று உத்தரவிட்டது.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அந்தச் சிலிண்டருக்கு முன்னால் நிறுத்தி இதைச் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் போதும். சொல்லி முடித்ததும் யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் எம்பி அந்தச் சீட்டில் இருக்கும் தேதியைப் படிக்கும். தேதி தாண்டிப்போயிருந்தால், ‘ஏன் சார் இன்னும் மாத்தல?’ என்று கேட்கும். அரசமைப்புச் சட்டப் பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

நம் வகுப்பறைகளில் அது வேறு எங்கோ தொடங்குகிறது. பத்தாம் வகுப்புக் குடிமையியலின் முதல் பாடமே இந்திய அரசியலமைப்புதான். பாடத்தில் விஷயங்களுக்குக் குறைவில்லை. அதைப் பரீட்சைக்குத் தயார்செய்யும் விதத்தில்தான் கோளாறு. முகவுரை எத்தனை முறை திருத்தப்பட்டது? ஒருமுறை. அம்பேத்கர் எந்த உரிமையை அரசமைப்பின் இதயமும் ஆன்மாவும் என்றார்? அரசமைப்புத் தீர்வுக்கான உரிமை. புக் பேக் கேள்விகளைப் புரட்டிப் புரட்டிப் பிள்ளைகள் இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அந்த உரிமையைத் தரும் 32ஆம் பிரிவு என்பது, அடிப்படை உரிமை பறிபோனால் ஒரு சாதாரண மனிதர் நேராக உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாம் என்பது, எத்தனை பேர் மனதில் உருவம் பெற்றிருக்கும்? தட்டியவர்களின் கதையைச் சொன்னால்தானே பெறும்!

நேராக இல்லாவிட்டாலும், கடைசியில் அந்தக் கதவைத் தட்டியவர்களில் பள்ளிப் பிள்ளைகளே உண்டு. கேரளத்தில் 1985 ஜூலையில் உடன்பிறந்த மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். பத்தாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். காலைக் கூட்டத்தில் தேசிய கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள்; தங்கள் மத நம்பிக்கை காரணமாகப் பாடமாட்டார்கள். சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் இதைச் சபையில் எழுப்பினார். விசாரணை நடந்தது. பிள்ளைகள் எந்த அவமரியாதையும் செய்யவில்லை என்று அறிக்கை வந்தது. அப்படியும் வெளியேற்றினார்கள். கேரள உயர் நீதிமன்றம் தனி நீதிபதி அமர்விலும் இருவர் அமர்விலும் கைவிரித்துவிட்டது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி தலைமையிலான அமர்வு 1986 ஆகஸ்டில் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பேச்சுரிமையில் பேசாமல் இருக்கும் உரிமையும் உண்டு என்பதும், சகிப்புத்தன்மையைக் கைவிடக் கூடாது என்பதும் அந்தத் தீர்ப்பின் சாரம். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிறார்கள். உண்மையில் இதை முதலில் படிக்க வேண்டியவர்கள், தினமும் காலையில் அதே கூட்டத்தில் வரிசையில் நிற்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். எதிர்க்கருத்து சொல்லும் பிள்ளைகளும் அவர்களில் இருப்பார்கள். இருக்கட்டும். வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடும்போது 19, 25 ஆகிய பிரிவுகள் மனப்பாடம் செய்யாமலே மனதில் தங்கிவிடும்.

தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு இன்னும் கிட்டத்திலேயே கதைகள் இருக்கின்றன. மருத்துவக் கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்ட சென்னை மாகாண அரசாணையை எதிர்த்து செண்பகம் துரைராஜன் தொடுத்த வழக்கில், 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாது என்றது. தமிழ்நாடு கொந்தளித்தது. பெரியார் போராட்டத்தை முன்னின்று நடத்தினார். அதே ஆண்டு ஜூனில் முதல் சட்டத் திருத்தம் வந்து, இடஒதுக்கீட்டுக்கு வழிவிடும் 15(4) என்ற உட்பிரிவு சேர்ந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. அதற்குள் தெருவில் எழுந்த குரல் அதைத் திருத்த வைத்தது. இன்று அந்த வகுப்பறையில் இருக்கும் பிள்ளைகளில் பலருடைய வீட்டின் முதல் பட்டதாரி அந்த உட்பிரிவின் வழியாக வந்தவராக இருப்பார். சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு 24ஆம் பிரிவைச் சொல்ல வேறு கதை உண்டு. தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் வேலை பார்த்த குழந்தைகளுக்காக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. தாத்தா பாட்டியிடம் விசாரித்தால் அந்தக் காலத்தின் சாட்சிகளே வீட்டில் கிடைப்பார்கள்.

கதை சொல்வது எளிது. பள்ளிக்கூடமே அரசமைப்புச் சட்டப்படி நடப்பதுதான் கடினமான பகுதி.

தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்ற 17ஆம் பிரிவைப் படித்துவிட்டு வெளியே வரும் மாணவரின் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு இருந்தால் அந்தப் பாடம் யாருக்கு? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். ஒரே பள்ளி, ஒரே பாடநூல். அதன்பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கயிறு, மோதிரம் போன்ற அடையாளங்களுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதிக் குறிப்பு கூடாது, அகர வரிசைப்படி இருக்கை என்று அதில் இருக்கும் பரிந்துரைகள் பல, 14, 15, 17ஆம் பிரிவுகளை வகுப்பறைக்குள் அமல்படுத்தும் வழிகள்தான். மாணவர்கள் வாசிக்க அந்த அறிக்கையின் சுருக்கம் ஒவ்வொரு பள்ளி நூலகத்திலும் இருக்க வேண்டும். கழிவறையைக் கழுவ யாரை அனுப்புகிறோம், தண்ணீர்ப் பானையை யார் தொடலாம் என்பதையெல்லாம் பிள்ளைகள் கவனித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். அடிப்பதும் மனரீதியாகத் துன்புறுத்துவதும் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டு அரசமைப்புச் சட்டப் பாடத்தை நடத்த முடியாது.

பக்கத்து மாநிலமான கேரளத்தில் ஒரு முயற்சி நடந்தது. கொல்லம் மாவட்டத்தில் பத்து வயதைத் தாண்டிய எல்லோருக்கும் அரசமைப்பின் அடிப்படைகளைக் கற்றுத்தருவதென்று முடிவெடுத்தார்கள். ‘செனட்டர்கள்’ என்று பெயர் சூட்டிய பயிற்றுநர்கள் வீடுகளுக்கும் வேலையிடங்களுக்கும் பள்ளிகளுக்கும் போனார்கள். 2023 ஜனவரியில் அரசமைப்பு எழுத்தறிவு பெற்ற நாட்டின் முதல் மாவட்டம் என்ற அறிவிப்பு வந்தது. அப்பா, அம்மாவும் சேர்ந்து படித்ததுதான் இதில் முக்கியம். பள்ளியில் கேட்டு வந்த கேள்வியைக் குழந்தை வீட்டில் கேட்டால், ‘போய்ப் படி’ என்று வாயடைக்காமல் பதில் சொல்ல ஒருவர் இருப்பார்.

இங்கே செய்வதற்குப் புதிதாக நிதியோ ஆணையோ தேவைப்படாத ஒன்று இருக்கிறது. குடியரசு நாளன்று பள்ளியில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து ஒன்பதரை மணிக்கெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். அதே நாளில்தான் ஊராட்சிகளில் 243ஏ பிரிவின்படி அமைந்த கிராம சபை கூடுகிறது. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. சில ஊர்களில் பள்ளி வளாகத்து மரத்தடியிலேயே கூட்டம் நடக்கும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாக்கு கிடையாது. ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம். வரவு செலவுக் கணக்கை வாசித்தார்களா, பெண்கள் பேசினார்களா, எந்தத் தெருக்காரர்கள் வரவே இல்லை, தீர்மானத்தில் என்ன எழுதினார்கள் என்று குறித்துவந்து மறுநாள் வகுப்பில் சொல்லட்டும். பள்ளிக் கழிவறைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மாக்கள் வழியாக அதையும் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லட்டும். அடுத்த கூட்டம் மார்ச் 22. அந்தத் தீர்மானம் என்ன ஆயிற்று என்று அன்றைக்குப் போய்க் கேட்கலாம்.